மீட்பு: ஒரு பேங்க்காரன் கணக்குப் பார்த்தபோது

ரயிலில் ஊருக்குப் போகிறபோது ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாறையில், மதில் சுவரில், பாலத்துத் தூணில் வெள்ளைப் பெயிண்டில் "இயேசு இரட்சிக்கிறார்" என்று எழுதியிருக்கும். படித்துவிட்டு அடுத்த ஸ்டேஷனில் வடை வருமா என்று பார்ப்போம். எதிலிருந்து இரட்சிக்கிறார், யாரை, எப்படி என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. கிறிஸ்தவர் அல்லாத நம் வீடுகளில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: "எங்க மதத்துக்கு வா, சொர்க்கம். வராவிட்டால் நரகம்."

இந்த அர்த்தம் பாதிதான் சரி என்பது என் அபிப்பிராயம். அதைச் சொல்லத்தான் இது. முன்கூட்டியே ஒன்று. நான் இறையியல் படித்தவன் அல்ல. பி.காம்., அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் பேங்க் வேலை. கும்பகோணம் பக்கத்துச் சைவக் குடும்பம். மாற்றலில் மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்தவன். மிளகு, இஞ்சி வாசனை அடிக்கிற பஜார் ரோட்டில் நடந்து போனால் 1568-ல் கட்டிய யூதர்களின் ஜெபக்கூடம், கொங்கணிகளின் கோயில், குஜராத்திகளின் ஜைனக் கோயில், மசூதிகள், சர்ச்சுகள் எல்லாம் ஒரு நடை தூரத்துக்குள். இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு பக்கத்து வீட்டுக்காரன் என்ன நம்புகிறான் என்று தெரியாமலே பத்து வருஷம் ஓட்டிவிடலாம். நம்மில் நிறைய பேர் ஓட்டுகிறோம். குழந்தைகளால் முடியாது.

என் பெண் எட்டாவது படிக்கிறாள். ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள், "அப்பா, நம்ம அப்பாயி நரகத்துக்குப் போவாங்களா?" கூடப் படிக்கும் பெண் சொன்னாளாம், இரட்சிக்கப்படாதவர்கள் எல்லோரும் அங்கேதான் என்று. கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, நிஜமாகவே கவலைப்பட்டுச் சொல்லியிருக்கிறது அந்தப் பிள்ளை. இதில் வேடிக்கை என்னவென்றால் என் அம்மா வைத்தீஸ்வரன் கோயிலுக்கு எத்தனை தடவை போயிருப்பாரோ அத்தனை தடவை வேளாங்கண்ணிக்கும் போயிருப்பார். நாகூரையும் விட்டதில்லை. டெல்டாக்காரர்களுக்கு இது புதுசில்லை.

இந்த மாதிரிக் கேள்விக்கு நம் வீடுகளில் இரண்டு பதில் தயாராக இருக்கும். ஒன்று, "எல்லா சாமியும் ஒண்ணுதான், சாப்பிடு." இன்னொன்று, "இனிமே அவகூடப் பேசாதே." முதல் பதில் சோம்பேறித்தனம். இரண்டாவது ஆபத்து. வெளியூரில் பிள்ளை வளர்க்கிற நமக்கு இரண்டுமே கட்டுப்படியாகாது என்பது என் கட்சி. அந்தக் கொள்கை என்னதான் சொல்கிறது என்று பார்த்துவிடுவோமே.

நான் தொடங்கிய இடம் 'மீட்பு' என்ற சொல். நம் தமிழ்க் கத்தோலிக்கர்கள் இந்தச் சொல்லைத்தான் அதிகம் புழங்குகிறார்கள். சீர்திருத்தச் சபைகளில் 'இரட்சிப்பு'. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-ல் கிறிஸ்தவரான எச்.ஏ. கிருஷ்ணப்பிள்ளை 1894-ல் வெளியிட்ட காவியத்துக்கு 'இரட்சணிய யாத்திரிகம்' என்று பெயர். சால்வேஷன் ஆர்மியும் தமிழில் இரட்சணிய சேனைதான். இரட்சிப்பு என்றால் காப்பாற்றுவது. வெள்ளத்தில் போகிறவனைக் கரையேற்றுவது மாதிரி. மீட்பு வேறு. அது எங்கள் கவுண்டர் வார்த்தை.

அடகு வைத்த நகையை மீட்பது. (ஊரில் "நகையைத் திருப்பணும்" என்போம். இங்கே மலையாளத்தில் அடகுக்குப் பணயம் என்று பெயர்.) எங்கள் கிளையில் இது தினசரிக் காட்சி. அப்ரைசர் உரசிப் பார்த்து எடை போட்டு, பொட்டலம் கட்டி, சீல் வைத்து பெட்டகத்துக்குள் போய்விடும். அன்றிலிருந்து நகை எங்கள் வசம். ஆனால் எங்கள் சொத்து அல்ல. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அடகு வைத்தவர்தான் உரிமையாளர். தவணை தவறினால் முறைப்படி அறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தான் விற்க முடியும். அதற்கடுத்த 177-ஆம் பிரிவு என் மனதுக்கு மிகவும் பிடித்தது: கெடு தாண்டிய பிறகும், உண்மையில் விற்பனை நடக்கிற நிமிஷம் வரைக்கும், பணத்தைக் கட்டி நகையை மீட்டுக்கொள்ளும் உரிமை உண்டு. "மூழ்கிப்போச்சு" என்று வீட்டில் அழுதுகொண்டிருக்கும்போதும் சட்டப்படி அது இன்னும் மூழ்கவில்லை.

கிறிஸ்தவர்கள் மனிதனைப் பற்றிச் சொல்வதும் இதுதான் என்று புரிந்தபோது கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. அவன் கடவுளுடைய பொருள். அடமானத்தில் கிடக்கிறான். மீட்பவர் புதிதாக ஒரு பொருளை வாங்கவில்லை, தன்னுடையதைத் திரும்ப எடுக்கிறார். சிலுவையில் பக்கத்தில் தொங்கிய திருடனுக்குக் கடைசி மணி நேரத்தில் இடம் கிடைத்த கதை லூக்கா சுவிசேஷத்தில் வருகிறது. 177-ஆம் பிரிவு ஞாபகம் வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள் :-)

இந்தச் சொல் யூதர்களிடமிருந்து வந்தது. பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் முழுக்க நிலம், அடிமை, கடன் விவகாரம்தான். ஒருவன் நொடித்துப்போய் நிலத்தை விற்றுவிட்டால் நெருங்கிய உறவுக்காரன் அதை மீட்டுக்கொடுக்க வேண்டும். தன்னையே அடிமையாக விற்றுக்கொண்டால் அவனையும். இப்படி மீட்கிற உறவினருக்கு எபிரேய மொழியில் 'கோயேல்' என்று பெயர். நம் ஊரில் தங்கை வீட்டு நிலம் ஏலத்துக்கு வந்தால் தாய்மாமன் ஓடி வருவார் இல்லையா, அந்த முறை. அதே சொல்லைத்தான் அவர்கள் கடவுளுக்கும் வைத்தார்கள்.

ரூத் கதையை நம்மைப் போன்றவர்கள் அவசியம் படிக்க வேண்டும். பெத்லகேமில் பஞ்சம். ஒரு குடும்பம் மோவாப் தேசத்துக்குப் பிழைக்கப் போகிறது. போன இடத்தில் புருஷன் சாகிறான், இரண்டு மகன்களும் சாகிறார்கள். மாமியார் நகோமி வெறுங்கையோடு ஊர் திரும்புகிறாள். கூடவே வெளிதேசத்து மருமகள் ரூத். நிலத்தை மீட்க முதல் உரிமை உள்ள உறவினன் ஒருவன் "சரி, நான் மீட்கிறேன்" என்கிறான். நிலத்தோடு விதவையையும் ஏற்க வேண்டும் என்று தெரிந்ததும் தன் சொத்து கெட்டுவிடும் என்று நழுவிவிடுகிறான். (ஜாமீன் கையெழுத்துப் போட வந்து முழுத் தொகையைப் பார்த்ததும் கண்ணாடி எடுத்துவரவில்லை என்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.) அடுத்த உறவினன் போவாஸ் இரண்டையும் ஏற்கிறான். மீட்பவனுக்குச் செலவு உண்டு என்பது கதையின் முக்கியமான விஷயம். அதே ரூத்தின் பெயரை மத்தேயு சுவிசேஷம் இயேசுவின் வம்ச வரிசையில் சேர்த்திருக்கிறது. வெளிதேசத்துக்காரி, வேறு சாமி கும்பிட்ட குடும்பத்தில் பிறந்தவள்.

கடன் என்பது வெறும் உவமை என்றும் நினைக்க வேண்டாம். இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே வார்த்தைதான். அதனால்தான் அவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் தமிழ் சீர்திருத்தச் சபைகள் 'கடன்' என்ற சொல்லை வைத்திருக்கின்றன. கத்தோலிக்கர்கள் அதே இடத்தில் 'குற்றம்' என்கிறார்கள். பவுல் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ரோமர் நிருபம் நாலாம் அதிகாரத்தில் அவர் திரும்பத் திரும்பப் புழங்கும் கிரேக்கச் சொல், வரவு வைப்பதற்கு வியாபாரிகள் சொல்வது. ஆபிரகாமின் கணக்கில் நீதி வரவு வைக்கப்பட்டது. அவர் டெபாசிட் எதுவும் போடவில்லை, நம்பினார். அவ்வளவுதான். ஒரு பி.காம். காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இனி நிஜமான சிக்கலுக்கு வருவோம். கடனை யார் கட்டுகிறார்கள்?

2008-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருஷ பட்ஜெட்டில் விவசாயக் கடன் தள்ளுபடி அறிவித்தார்கள். முதலில் 60,000 கோடி, பிறகு அது 70,000 கோடியைத் தாண்டியது. ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு நிலுவை முழுவதும் தள்ளுபடி. அதற்கு மேல் உள்ளவர்கள் முக்கால் பங்கு கட்டினால் கால் பங்கு தள்ளுபடி. நான் அப்போது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்று சந்தோஷப்பட்டவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஒரு பெரியவர் வந்து நின்றார். மனைவியின் தோட்டை விற்றுத் தவணை தவறாமல் கட்டியவர். அவருக்கு ஒரு பைசா தள்ளுபடி இல்லை, ஏனென்றால் அவருக்கு நிலுவையே இல்லை. "அப்போ ஒழுங்கா கட்டுனவன் எல்லாம் கேனையனா சார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சர்க்குலரிலும் இல்லை.

லூக்கா 15-ல் ஊதாரி மகன் கதை எல்லோருக்கும் தெரியும். அதில் வரும் அண்ணனை யாரும் பேசுவதில்லை. இத்தனை வருஷம் உழைத்த எனக்கு ஒரு ஆட்டுக்குட்டி கூட இல்லை, சொத்தை அழித்தவனுக்கு விருந்தா என்று வாசலிலேயே நிற்கிறான். நோட்டீஸ் போர்டு முன்னால் நின்ற பெரியவர்தான் அவன். கிறிஸ்தவர்கள் 'கிருபை' அல்லது 'அருள்' என்று சொல்வதன் காரம் இங்கேதான் இருக்கிறது. அது தகுதி பார்த்துத் தருவது இல்லை. நல்லவர்களுக்கு அது எரிச்சலைக் கொடுக்கும். எரிச்சலே வரவில்லை என்றால் நாம் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றுதான் சொல்வேன்.

ஆனால் தள்ளுபடி இலவசம் அல்ல. விவசாயிக்குத்தான் இலவசம். அரசாங்கம் கஜானாவிலிருந்து எடுத்து பேங்குகளுக்கு ஈடு செய்தது. யாரோ ஒருவர் கட்டாமல் கணக்கு முடிவதில்லை. பேங்கில் 'ரைட் ஆஃப்' என்று இன்னொன்று உண்டு. புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவோம், ஆனால் கடன்காரர் கடன்காரராகவே இருப்பார், வசூலும் தொடரும். பேப்பரில் இதைத் தள்ளுபடி என்று தப்பாகப் போட்டு வருஷா வருஷம் சண்டை நடக்கிறது. கிறிஸ்தவர்கள் சொல்வது ரைட் ஆஃப் அல்ல. யாரோ கட்டி முடித்த கணக்கு. சிலுவை அந்தக் கட்டணம் என்கிறார்கள்.

யாருக்குக் கட்டினார் என்பதில் அவர்களுக்குள்ளேயே ஆயிரம் வருஷத் தகராறு. மனிதனைப் பிடித்து வைத்திருந்த சாத்தானுக்கு என்றார்கள் சில ஆதித் தந்தைகள். நிசாவின் கிரகோரி இதைத் தூண்டில் முள்ளாகவே வர்ணித்தார், இரையை விழுங்கிய சாத்தான் மாட்டிக்கொண்டான் என்று. சாத்தானுக்கு என்ன பாத்தியதை என்று கேட்டு, பாக்கி கடவுளின் மாண்புக்குத்தான் என்று 1098 வாக்கில் எழுதினார் ஆன்செல்ம். மனிதன் கட்ட வேண்டிய கடன், கடவுளால் மட்டுமே கட்டக்கூடிய தொகை, ஆகவே இருவருமான ஒருவர். கடனுமில்லை கட்டணமுமில்லை, அந்த அன்பைப் பார்த்து மனிதன் திருந்துவதே மீட்பு என்ற பக்கம் சாய்ந்தார் அபெலார்ட். எனக்கு ஆன்செல்ம் கணக்கு சுத்தமாகத் தெரிகிறது, ஆனால் மனதில் ஒட்டுவதில்லை. கடன் கொடுத்தவரே வந்து கட்டுவது என்றால் நேராக மன்னித்துவிட்டுப் போகக் கூடாதா? இதைக் கேட்டபோது கூட வேலை பார்க்கும் யாக்கோபாய நண்பர் ஒருவர் சொன்னார், "நேராக மன்னித்தாலும் நஷ்டம் மன்னித்தவருக்குத்தானே சார்?" உண்மை. அதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

மீட்பு விலை என்பது இந்த ஊரில் ஒரு காலத்தில் உவமையே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனியின் கொச்சியில் மனிதர்களை விற்ற பத்திரங்கள் எழுதப்பட்டன. இங்கிருந்து கப்பலேற்றிய ஆண்களும் பெண்களும் தென்னாப்பிரிக்காவின் கேப், ஜாவாவின் படேவியா வரை போனார்கள். இயேசு தன் உயிரைப் பலருக்காக ஈட்டுத்தொகையாகக் கொடுக்க வந்ததாக மாற்கு சுவிசேஷம் சொல்லும்போது அதில் வரும் கிரேக்கச் சொல் அடிமையை விடுவிக்கக் கட்டும் பணத்துக்கானது. அந்த நாளில் அதைக் கேட்ட அடிமைக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

அடுத்த பெரிய தகராறு, மனிதன் பங்கு எவ்வளவு என்பது. நம்பினால் போதுமா, நற்செயல் வேண்டுமா? 1517-ல் லூத்தர் கிளப்பியதும் 1547-ல் திரெந்து சங்கம் பதில் சொன்னதும் இதுதான். இதை ஐரோப்பிய விவகாரம் என்று தள்ள வேண்டாம். நம் வைணவர்கள் இதே வழக்கை அதற்கு முன்பே நடத்தியிருக்கிறார்கள். குரங்குக் குட்டி தாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது வடகலை. பூனைக் குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாயே கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலை. லூத்தர் பூனைக் கட்சி. ருடால்ஃப் ஓட்டோ என்ற ஜெர்மானியர் இந்த ஒப்புமையில் மயங்கி 1930-லேயே புத்தகம் போட்டுவிட்டார். யானைக்கு எந்த நாமம் போடுவது என்று நம்மவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், அவர்கள் யுத்தத்துக்கே போனார்கள். கடைசியில் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் இந்த விஷயத்தில் கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டன. மீட்பு அருளால் மட்டுமே, நம் தகுதியால் அல்ல, ஆனால் அந்த அருள் நற்செயலுக்கு அழைக்கிறது என்பது அதன் சாரம். 2006-ல் மெதடிஸ்டுகளும் 2017-ல் சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்துகொண்டன. திருச்சியில் தலைமையகம் உள்ள நம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் அந்த லுத்தரன் கூட்டமைப்பின் உறுப்பினர்தான். ஆனாலும் இந்தச் செய்தி நம் ஊர்த் தெருவுக்கு வந்து சேர்ந்த மாதிரித் தெரியவில்லை.

"இரட்சிக்கப்பட்டீர்களா?" என்று பஸ் ஸ்டாண்டில் கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியின் இறந்த காலமே ஒரு பிரிவின் இலக்கணம். இன்ன தேதியில் முடிவு செய்தேன், இரட்சிக்கப்பட்டேன் என்பது பெந்தெகொஸ்தே போன்ற சபைகளின் பேச்சு. பவுல் மூன்று காலத்திலும் பேசுகிறார்: மீட்கப்பட்டோம், மீட்கப்பட்டு வருகிறோம், மீட்கப்படுவோம். இங்குள்ள சிரியன் கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழியான சிரியாக்கில் இன்னும் அழகு. அதில் மீட்புக்கும் உயிருக்கும் ஒரே வேர். மீட்பர் என்றால் உயிர் கொடுப்பவர். நாலாம் நூற்றாண்டின் எஃப்ரேம் போன்றவர்கள் 'ஜீவ மருந்து' என்று பாடினார்கள். அதாவது பாவம் கடனாக மட்டும் இல்லை, வியாதியாகவும் இருக்கிறது. வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போகும் என் அம்மாவுக்கு ஆன்செல்மைவிட இது சட்டென்று புரியும்.

இந்த சிரியன் கிறிஸ்தவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். என் பெண் கேட்ட கேள்விக்கு இந்த மண்ணில் 400 வருஷத்துக்கு முன்பே ஒரு விசாரணை நடந்திருக்கிறது. மட்டாஞ்சேரியிலிருந்து அதிக தூரமில்லை, திருப்பூணித்துறை தாண்டி உதயம்பேரூர். 1599 ஜூன் மாதம் கோவாவின் பேராயர் அலெக்சோ டி மெனசஸ் அங்கே ஒரு சங்கம் கூட்டினார். தோமா கிறிஸ்தவர்களை ரோமின் முறைக்குக் கொண்டுவருவது நோக்கம். சிரியாக் புத்தகங்கள் தீயிலும் போயின. இந்த மக்களிடம் இருந்த 'தவறுகள்' என்று சங்கம் கண்டித்த பட்டியல் ஒன்று உண்டு. மூன்று விஷயங்கள் அதில் ஒன்றாக வருகின்றன. ஒன்று மறுபிறவி. இரண்டு தலையெழுத்து. மூன்றாவது, அவரவர் மார்க்கத்தில் அவரவருக்கு மீட்பு உண்டு, எல்லா மார்க்கமும் சொர்க்கத்துக்கு இட்டுச் செல்லும் என்ற எண்ணம்.

நன்றாகக் கவனியுங்கள். கண்டிக்க வேண்டிய அளவுக்கு அந்த எண்ணம் இங்கே கிறிஸ்தவர்களிடம் இருந்திருக்கிறது. நூற்றாண்டுகளாக கோயில் பக்கத்தில் வாழ்ந்தவர்கள், பக்கத்து வீட்டு நாயர் பாட்டியை நரகத்துக்கு அனுப்ப மனம் வராதவர்கள். அக்கம்பக்கத்தாரிடம் ஒட்டிக்கொண்ட மூட நம்பிக்கை என்று போர்த்துகீசியர் நினைத்தார்கள். திருச்சபை வரலாற்றாசிரியர் மத்தியாஸ் முண்டாடன் இதை வேறு மாதிரிப் பார்த்தார். பிற மதத்தாரோடு காலங்காலமாகக் கலந்து வாழ்ந்ததில் உருவான விசாலமான பார்வை என்றார். எனக்கு முண்டாடன் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. 'மார்க்கம்' என்ற சொல் இங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. மதம் மாறுவதை மலையாளத்தில் 'மார்க்கம் கூடுக' என்பார்கள். மார்க்கம்களி ஆட்டத்தையும் பார்த்திருப்பீர்கள்.

அடுத்த அத்தியாயம் நம் மட்டாஞ்சேரியிலேயே நடந்தது. 1652-ல் அஹத்தல்லா என்ற சிரியன் ஆயர் மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தார். போர்த்துகீசியர் அவரைப் பிடித்து, கொச்சியில் இறங்கவிடாமல் கப்பலிலேயே கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்று வதந்தி. 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். எல்லோருக்கும் கை எட்டாததால் சிலுவையில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டார்கள், அந்த இழுப்பில் சிலுவை சாய்ந்தது என்பார்கள். அதனால் 'கூனன் குரிசு' சத்தியம். அந்தப் பெயரில் பள்ளி இன்றும் இங்கே இருக்கிறது. அந்தச் சத்தியம் மீட்புக் கொள்கைக்காக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. யாருடைய அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவது என்பதுதான் பிரச்சினை. ஆனால் "உன் வழி வேறு, என் வழி வேறு, இரண்டும் தப்பில்லை" என்று சொல்லத் தெரிந்த மக்கள்தான் அந்தக் கயிற்றைப் பிடித்தார்கள்.

1599-ல் கண்டித்த அதே ரோம், 365 வருஷம் கழித்து 1964 நவம்பரில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருச்சபை பற்றிய ஏட்டில் 16-ஆம் பத்தியில் என்ன சொன்னது? தன் குற்றமின்றி கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாதவர்கள், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சியின்படி நடந்தால் அவர்களும் மீட்படையலாம் என்றது. அதற்கு முன்பே, திருச்சபைக்கு வெளியே ஒருவருக்கும் மீட்பில்லை என்று கறாராகப் பிரசங்கம் செய்த பாஸ்டன் குருவானவர் லெனார்ட் ஃபீனி விஷயத்தில், அதன் பொருள் அதுவல்ல என்று 1949-ல் ரோமிலிருந்து கடிதம் வந்தது. வரச்சொல்லியும் வராததால் 1953-ல் அவரைச் சபை விலக்கம் செய்தார்கள்.

உதயம்பேரூர்க்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. எல்லா மார்க்கமும் சமம் என்று 1964-ம் சொல்லவில்லை. யார் மீட்கப்பட்டாலும் அது கிறிஸ்துவால்தான் என்பதில் மாற்றமில்லை, 2000-ல் ரோம் அதை மறுபடியும் அழுத்திச் சொன்னது. அந்த ஒரு பெயரைத் தவிர வேறு பெயரில் மீட்பில்லை என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வசனம் இருக்கிறது. அதை அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளும் கிறிஸ்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். நரகத்தைப் பற்றிய அவர்கள் பேச்சு எனக்கு ஒப்புதலில்லை. ஒரு ஆயுளின் கடனுக்கு முடிவே இல்லாத வட்டி எந்தத் தர்மத்தில் வரும் என்று நான் கேட்பேன். ஆனால் அவர்கள் கொள்கையை வைத்தே ஒன்று கேட்கலாம் இல்லையா? மீட்பு நம் தகுதியில் வருவதில்லை, கொடுப்பவர் இஷ்டத்தில் வருகிறது என்றால், இன்னாருக்கு இல்லை என்று கவுண்டரில் நிற்பவர் எப்படிச் சொல்ல முடியும்? தள்ளுபடிப் பட்டியல் அவர் கையில் இல்லையே.

என் பெண்ணுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. அடகும் ரூத்தும் சொன்னேன். உதயம்பேரூரும் சொன்னேன். உன் தோழி சொன்னது அவள் மதத்தில் சிலரின் கருத்து, அதே மதத்தில் வேறு விதமாகச் சொல்பவர்களும் உண்டு, அவள் சொன்னது உன் அப்பாயி மேல் உள்ள அக்கறையில், அவளோடு பேசுவதை நிறுத்தாதே என்றேன். "அப்போ அப்பாயி?" என்றாள். "வேளாங்கண்ணி மாதாவுக்கு அப்பாயியை நல்லாத் தெரியும்" என்றாள் என் மனைவி. என் அரை மணி நேரப் பிரசங்கத்தைவிட அது எடுபட்டது.

எனக்கு இதில் ஒரு குறை மிச்சமிருக்கிறது, அது செத்த பிறகு எங்கே என்பதைப் பற்றியது அல்ல. டச்சுக்காரர் விற்ற அடிமைகளைச் சொன்னேன். திருவிதாங்கூர், கொச்சி இரண்டிலும் 1850-களில்தான் அடிமை முறையைச் சட்டத்தில் ஒழித்தார்கள். அந்த அடிமைகளின் பிள்ளைகள் பலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெற்ற பிறகும் பெரும்பாலும் தனிச் சர்ச், தனிக் கல்லறை. புலையக் கிறிஸ்தவர், பறையக் கிறிஸ்தவர் என்ற அடைமொழி போகவில்லை. (நம் தமிழ்நாட்டிலும் கல்லறைச் சுவர் எழுப்பியவர்கள் உண்டு. நாம் விரல் நீட்ட வேண்டாம்.) திருவல்லாவுக்குப் பக்கத்தில் இரவிப்பேரூரில் 1879-ல் அப்படி ஒரு குடும்பத்தில் பிறந்தவர் பொய்கையில் யோகன்னான், மக்கள் மரியாதையாக அழைத்தது பொய்கையில் அப்பச்சன். மார்த்தோமா சபை, பிரதரன் சபை என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். எல்லா இடத்திலும் மீட்பைப் பற்றிய பிரசங்கம் இருந்தது, பக்கத்தில் உட்கார இடம் இல்லை. என் இனத்தைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஓர் எழுத்துக் கூட இல்லையே என்று பாடினார். 1909 வாக்கில் தனியாக ஒரு சபை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பிரத்யட்ச ரட்சா தெய்வ சபை'. கண் முன்னால் தெரிகிற இரட்சிப்பு. அவர் 1921-லும் 1931-லும் திருவிதாங்கூர் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு உறுப்பினராகப் போனார். அங்கே தன் ஜனங்களுக்காகக் கேட்டது குடியிருக்க நிலமும் பிள்ளைகளுக்குப் படிப்பும்.